மேஜையைத் தட்டுகிறவர்

மனைவிக்கு அனுப்ப வேண்டிய செய்தியைச் சின்னவர் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ‘அண்ணன் போயிட்டார். கம்பெனியும் போச்சு. நான் மாட்டிக்கிட்டேன்.’ பதறிப்போய் அழித்தார். அழித்த அழகு, அவருடைய போனிலிருந்து மட்டும் போனது. மற்ற அறுபத்திரண்டு போன்களிலும் பத்திரமாக இருந்தது. அண்ணனின் மென்பொருள் கம்பெனியில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவர் என்றால் யார் நம்புவார்கள்?

இப்போது அந்த அறுபத்திரண்டு பேரும் அண்ணன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

கூடத்தின் நடுவில் அண்ணன் முழுக்கைச் சட்டையில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கால்கடுக்க நிற்கக் கூடாதென்று மென்பொருள் எழுதிப் பெரிய ஆளானவர். அவரைப் பார்க்க இன்று தெருமுனை வரை வரிசை.

யாரோ சின்னவரை அண்ணனின் தலைமாட்டில், அண்ணனுடைய நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். எழுந்தால் தோளை அழுத்தினார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: “இனிமே நீங்கதான் சார்.” கேன்டீன்காரர் மட்டும் அழுதுகொண்டே, “டீயை நிறுத்திடாதீங்க சார்” என்றார்.

வேலையை விட்டுவிட்டு மீன்தொட்டிக் கடை வைக்கப்போகிறேன் என்று அண்ணனிடம் சொல்ல, ஆறு மாதமாகச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார் சின்னவர். நேற்று ஒருவழியாக வாயைத் திறந்தார். அண்ணன் முந்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

“அண்ணி, கம்பெனி ஓடுமா?”

அண்ணி மூக்கைத் துடைத்தாள். “உங்கண்ணன் மேலேருந்து பாத்துப்பார்.”

ஆடிட்டரிடம் கேட்டார். “இதெல்லாம் இப்ப பேசற விஷயமா?” என்று அவர் நகர்ந்துவிட்டார்.

தலைமைப் பொறியாளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எதற்கெடுத்தாலும் ‘பொறுங்க’ என்பதால் ஆபீஸில் அவளுக்கு ‘வேகத்தடை’ என்று பெயர்.

“மெசேஜ் பாத்தியாம்மா?”

“பாத்தேன் சார். ரெண்டாவது வரி தப்பு.”

“அண்ணன் பாத்து, சரின்னு மேஜையை ரெண்டு தட்டு தட்டாம ஒரு துரும்பு வெளிய போயிருக்கா நம்ம ஆபீஸ்ல? இனி யாரு தட்டுவா? நானா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டு வருஷமா எல்லாத்தையும் காலையிலயே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிடறோம் சார். சாயங்காலம் அவர்கிட்ட காட்டுவோம். தட்டுவார்.”

சின்னவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“அவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார். கை நடுங்க ஆரம்பிச்சப்போ.”

“அப்ப நானும் இல்லாம...?”

“ஓடும் சார்.”

பதினெட்டு வருடத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று சின்னவருக்குத் தெரியவில்லை.

“என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?”

வேகத்தடை முதல்முறையாகத் தரையைப் பார்த்தாள். பிறகு நேராகவே சொன்னாள்.

“சொன்னா நீங்க வேலையை விட்டுட்டுக் கிளம்பிடுவீங்கன்னார் உங்கண்ணன். அப்புறம் அவருக்குச் சாயங்காலம் பேசிக்கிட்டிருக்க ஆளிருக்காதாம்.”

சின்னவர் எழுந்து, அண்ணனின் பக்கத்தில் குனிந்து, திறந்து கிடந்த சட்டைக் கைப் பொத்தானைப் போட்டார். சரியில்லை என்று கழற்றி, மறுபடியும் போட்டார்.