ஆறரைக் கிலோமீட்டர் பார்சல்

கோட்டத் தபால் அதிகாரியின் வீட்டில் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குத் தூரம் ஆறரைக் கிலோமீட்டர். வெளியே நின்று பார்த்தால் எல்லா வீட்டையும் போல இரண்டு ஜன்னல் அகலம்தான். உள்ளே போய் வருகிறவர்களுக்குச் செருப்பு தேய்ந்துவிடுகிறது. இதில் யாரும் அவருக்கு அநியாயம் செய்துவிடவில்லை. பார்சலில் வந்ததைக் கையெழுத்துப் போட்டு அவரே வாங்கிக்கொண்டார். அப்படி வாங்கியதைத் திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை.

அவர் செய்தது இதுதான். மூன்று கிலோமீட்டருக்குள் இன்னொரு தபால் ஆபீஸ் இருந்தால் ஒன்றை மூடிவிடலாம் என்று உத்தரவு. அந்த மகராசன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்தார். இரண்டு கிலோமீட்டர் வந்தது. நடுவில் ஆறு ஓடுவது ஸ்கேலுக்குத் தெரியுமா? பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் எட்டரை. மறுவாரமே இக்கரை ஆபீஸின் கதவில் பூட்டு தொங்கியது. எழுபதைத் தாண்டியவர்கள் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். பாதிப் பேர் அந்த வருடத்தோடு கடிதம் எழுதுவதையே விட்டார்கள். வெளியூரில் இருந்த பிள்ளைகள் அதைக் கவனிக்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

பூட்டிய ஆபீஸின் வாசலில் முப்பத்தெட்டு வருடம் பார்சல்களுக்குத் துணி சுற்றித் தைத்து அரக்கு வைத்தவளைப் பார்சலம்மா என்பார்கள். கண்ணாடிச் சாமானோ கடிகாரமோ, அவள் தைத்து எதுவும் உடைந்ததில்லை. அவளுடைய கணவர் டைப்பிங் மாஸ்டர், எல்லோருக்குமாக ஓர் ஆட்சேப மனு அடித்து, அதைப் பதிவுத் தபாலில் போட அக்கரை ஆபீஸுக்கு நடந்தார். நான்காவது கிலோமீட்டரில், பாலத்தின் கட்டைச் சுவரில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த மனுவை யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிவைத்தார். ஒரு மாதம் கழித்து, செத்தவர் பெயருக்கே அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. தூரம் இரண்டு கிலோமீட்டர்தானாம், சந்தேகமிருந்தால் மனுதாரர் நடந்து பார்த்துக்கொள்ளலாமாம். பார்சலம்மாவுக்கு அழுகை வரவில்லை. இவனைச் சும்மா விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள்.

மறுநாள் காலையில் கத்தரிக்கோலும் கோணி ஊசியும் காடாத் துணியும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். தார், மைல்கல், பாலம், அதன்மேல் அடித்த வெயில் எல்லாவற்றோடும் உபரியாக இருந்த ஆறரைக் கிலோமீட்டரைப் போர்வையை மடிப்பது போல மடித்தாள். மூலை சேரவில்லை என்று இரண்டு தடவை பிரித்து மடிக்க வேண்டியிருந்தது. பாலத்தோடு கொஞ்சம் ஆறும் வந்துவிட்டதால் பார்சல் லேசாகச் சொட்டியது. அதைச் சுமந்துகொண்டு மிச்சமிருந்த இரண்டு கிலோமீட்டரை நடந்து அக்கரை ஆபீஸுக்குப் போனாள். எடை பதினொன்றே கால் கிலோ. உள்ளே என்ன என்று குமாஸ்தா கேட்டார்.

"நடக்குற தூரம்."

படிவத்தில் அப்படி ஒரு வகை இல்லாததால் வீட்டு உபயோகப் பொருள் என்று எழுதிக்கொண்டார்.

ஓசியில் ஏதோ வந்திருக்கிறது என்று அதிகாரி ஆசை ஆசையாகத் தையலைப் பிரித்தார். அவ்வளவுதான். தூரம் வீட்டுக்குள் விரிந்துகொண்டது. மனைவி சமையலறைப் பக்கம் மாட்டிக்கொண்டாள். அங்கே தனி வாசல் இருந்ததால் அவளுக்குப் பெரிய சிரமமில்லை. படுக்கையறைக்கு வேறு வாசல் இல்லாததால் அவருக்குத்தான் ஒரு வாய்த் தண்ணீருக்கும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். வீட்டு வரைபடப்படி தூரம் பன்னிரண்டு அடி, சந்தேகமிருந்தால் நடந்து பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது.

மூன்றாவது வருடம் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு பார்சலம்மாவின் வீட்டுக்கே வந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போயிடுங்கம்மா. பாலத்துச் சுவத்துல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. தினமும் என்னைப் பாத்து, தம்பி, இன்னும் எவ்வளவு தூரம்னு கேக்குறாரு."

பார்சலம்மாவின் கை ஊசியோடு நின்றது.

"கையில கவர் வச்சிருக்காரா?"

"ஆமா."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ரெண்டு கிலோமீட்டர்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இனிமே அவரைத் தூக்கிட்டுப் போங்க."

"என் முழங்கால் போச்சும்மா."

"அவருக்கும் அப்படித்தான் போச்சு."

அன்றிலிருந்து அதிகாரி தினமும் மாஸ்டரை முதுகில் சுமந்து சமையலறை வாசல்வரை கொண்டுபோய் விடுகிறார். மறுநாள் காலையில் மாஸ்டர் பழையபடி பாலத்துச் சுவரில் இருப்பார். தூரத்தை மடித்துக்கொண்டு போகச் சொல்லி அதிகாரியின் மனைவியும் பிள்ளைகளும் வந்து கெஞ்சியாயிற்று. பார்சலம்மா மசியவில்லை. மடித்தால் மாஸ்டரும் மடிப்புக்குள் போய்விடுவாரே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போய் மாஸ்டரோடு சுவரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவாள். அதுவரை அதிகாரி ஓரமாக நிற்பார். பிறகு அவர் குனிவார், அவள் கணவரை ஏற்றிவிடுவாள், மூவரும் நடப்பார்கள். அதிகாரி பெருமூச்சு விட்டால், பெரியவருக்கு ஆட்டம் கொடுக்காமல் நடக்கச் சொல்வாள்.