மிர்லான் தானாக வந்தான்

"மாவட்டத்துக்கு ஒரு கூலிப்படைக் கேஸ். இந்த மாசத்துக்குள்ள வேணும். எங்க போய்ப் பிடிப்பீங்களோ, எனக்குத் தெரியாது" என்றார் கர்னல் தொக்தோசுன்.

மாவட்டக் காவல் நிலையத்தின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. கோக்-சாய் கிராமத்தைப் பார்த்துக்கொள்ளும் கேப்டன் எர்மெக் மட்டும் கடைசி வரிசையில் எழுந்தான்.

"ஐயா, எங்க ஊர்ல பதினோரு குதிரை திருடு போயிருக்கு. சைகல்னு ஒரு பொண்ணு, புருஷன் அவ பல்ல உடைச்சிட்டான். அந்தப் புகார் ஜனவரியிலேருந்து கெடக்கு. ரெண்டு ஆளு குடுத்தீங்கன்னா..."

"பல்லு எங்கயும் ஓடிப்போகாது, உக்காரு" என்றார் கர்னல். எல்லோரும் சிரித்தார்கள். கர்னல் சிரித்தால் சிரிப்பதும் உத்தியோகத்தில் ஒரு பகுதிதானே.

உக்ரைனில் நடக்கும் சண்டைக்கும் ரஷ்யாவுக்குத் தெற்கே கிடக்கும் கோக்-சாய்க்கும் நடுவில் ஒரு வாரத்து ரயில் தூரம். ஆனால் ஊர் ஆண்களில் பாதிப் பேர் ரஷ்ய நகரங்களில் செங்கல் அடுக்குகிறார்கள், அடுப்பு எரிவதே அந்தக் காசில்தான். அதனால் அந்தப் பக்கத்தைப் பகைத்துக்கொள்ள அரசுக்குப் பயம். மறுபக்கத்து நாடுகளோ வங்கிகளை முடக்கிவிடுவோம் என்று மிரட்டின, ஆகவே அவர்களுக்கும் ஏதாவது காட்டியாக வேண்டும். மார்ச்சில் வந்த உத்தரவு, வாசலில் உக்ரைன் கொடி மாதிரி நீலமும் மஞ்சளுமாய்த் துணி கட்டிய ஓவிய வாத்தியாரைப் பிடிக்கச் சொன்னது. பிடித்து அபராதம் போட்டார்கள். மே மாதத்து உத்தரவு, ரஷ்யாவுக்காகச் சண்டைக்குப் போனவனைப் பிடிக்கச் சொல்கிறது, அதற்குப் பெயர்தான் கூலிப்படைக் கேஸ். தலைநகரில் யாரோ யாரோடோ டீ குடிப்பதைப் பொறுத்து, இங்கே குற்றவாளி மாறுகிறான். குதிரைத் திருடனை எந்த நாட்டுத் தூதரும் விசாரிப்பதில்லை, அவன் பாடு நிம்மதி.

அந்த உத்தரவுக்குப் பொருந்தும் ஆள் எர்மெக்கின் தெருவிலேயே இருந்தான். இரண்டு வீடு தள்ளியிருக்கும் சாகின்பாயின் மகன் மிர்லான் ஞாயிற்றுக்கிழமைதான் வீடு வந்து சேர்ந்திருந்தான். மாஸ்கோவில் பூச்சு வேலைக்குப் போனவன். குடியேற்றத் தாள் காலாவதியாகிவிட்டது என்று ஒருநாள் பிடித்தார்கள். ஜெயிலா, பட்டாளத்தில் சேரக் கையெழுத்தா என்று கேட்டார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். ஒன்பது மாதம் ஒரு தகவலும் இல்லை. பனியில் கால் அழுகி இரண்டு விரல் போன பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி, லாரி மாறி லாரி ஏறி வந்துவிட்டான்.

கூட்டம் முடிந்ததும் எர்மெக் நேரே சாகின்பாய் வீட்டுக்குப் போனான். கிழவர் கொட்டகையில் ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு. நாங்க தேடறதுக்கு முன்னாடி அவனாவே வந்து ஒப்புக்கிட்டா, தண்டனை இல்லாம விடலாம். இல்லேன்னா ஏழு வருஷம். நாளைக்குக் காலையில கார் எடுத்துட்டு வரேன்."

"நாளைக்கு எப்படிப்பா? ஆடு இன்னும் அறுக்கலையே."

எர்மெக் திரும்பிப் பார்த்தான். கொட்டகையில் வெள்ளை உடம்பும் மஞ்சள் தலையுமாக ஒரு ஆடு நின்றது. அப்படிப்பட்ட ஆட்டை எதற்கு வாங்குவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

"அவங்கம்மா பேகிமாய் வேண்டிக்கிட்டா" என்றார் சாகின்பாய். "பையன் உயிரோட வந்தா மஞ்சத்தலை ஆடு அறுத்து ஊருக்குச் சோறு போடறேன்னு. அத முடிக்காம அவன் வாசல் தாண்டினா, வந்த கண்டம் பின்னாடியே வரும்ங்கறா. வெள்ளிக்கிழமை வச்சிருக்கோம். நீயும் குடும்பத்தோட வந்துடணும்."

"ஐயோ சித்தப்பா, என்னையே கூப்பிடறீங்களே! நான் போலீஸ்!"

"பக்கத்து வீட்டுக்காரன்டா நீ. உன்னைக் கூப்பிடாம விட்டா ஊரு என்னைக் காறித் துப்பாதா?"

எர்மெக் தலையில் கை வைத்துக்கொண்டு வைக்கோலின் மேல் உட்கார்ந்துவிட்டான். "சரி, அறுங்க. ஆனா எதுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. கூரை மாத்தினோம், அதுக்குன்னு சொல்லிடுங்க."

"கூரையா? அது ஒழுகறது ஊருக்கே தெரியும். ஆண்டவனுக்குத் தெரியாதா?" கிழவர் சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரிடா. சொல்லிப் பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து ஊரே வந்துவிட்டது. பத்துப் பேரைத்தான் கூப்பிட்டோம் என்றாள் பேகிமாய். பத்துப் பேரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் மட்டும் வருகிற ஊரா அது? முற்றத்தில் விரிப்புப் போட்டு, ரொட்டியும் எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் குவித்திருந்தார்கள். எர்மெக் சாதாரணச் சட்டையில் வந்து ஓரமாக உட்காரப் பார்த்தான். விடுவார்களா? இழுத்துக்கொண்டு போய் மேல்வரிசையில் உட்காரவைத்து, மரியாதைக்குரிய தொடை எலும்பைக் கையில் கொடுத்தார்கள். மிர்லான் ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். எர்மெக்கிடம் வந்தபோது, "திங்கக்கிழமை போயிடலாம் இல்லண்ணே?" என்று மெல்லக் கேட்டான். சனி, ஞாயிறு விசாரணை அதிகாரி உட்காருவதில்லை.

சாப்பாடு முடிந்தது. ஆசி கேட்கும் முன் வீட்டுக்காரர் எழுந்து, எதற்காக இந்த ஆடு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நேர்ச்சை சேராது. சாகின்பாய் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எர்மெக்கை ஒருமுறை பார்த்தார்.

"இந்த ஆடு..." என்றார். "எங்க வீட்டுக் கூரை..."

அதற்கு மேல் வரவில்லை. பேகிமாய் சமையற்கட்டு வாசலில் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சொல்லித் தொலையுங்கள் சித்தப்பா, கூரை என்று சொல்லித் தொலையுங்கள் என்று எர்மெக்கின் மனம் கூவியது.

"எதுக்குடா பொய் சொல்லணும்" என்றார் கிழவர், தனக்குத்தானே. பிறகு குரலை உயர்த்தினார். "ஆண்டவனே, உக்ரைன் சண்டைக்குப் போன எம்பையன் மிர்லானை உயிரோட குடுத்தே. அதுக்குத்தான் இது. ஏத்துக்க."

அத்தனை கைகளும் உயர்ந்தன. மேல்வரிசையில் எர்மெக்கின் கைகளும் உயர்ந்தன. வேறு என்ன செய்வான், ஆசி வேளையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார அவன் என்ன காபிரா? "ஓமின்" என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சாகின்பாயின் தங்கை கண்ணீரும் சந்தோஷமுமாக அதைக் கைப்பேசியில் பிடித்து, உறவினர் குழுவில் போட்டாள். குழுவில் இருநூற்று நாற்பது பேர்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எர்மெக், மிர்லான், சாகின்பாய் மூவரும் மாவட்டக் காவல் நிலையத்தில் இறங்கினார்கள். மிர்லான் முகம் மழித்து, அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தான். நானாகவே வந்தேன் என்று தன் கையால் எழுதிய மனுவை நாலாக மடித்து வைத்திருந்தான். வாசல் காவலாளியிடம் பெயரைச் சொல்லி, அவனே முதலில் உள்ளே போனான். கால் வலித்தாலும் நிமிர்ந்துதான் போனான். அவனை ஒரு அறைக்கும் எர்மெக்கை இன்னொரு அறைக்கும் அனுப்பினார்கள்.

கர்னல் கைப்பேசியை மேசையில் எர்மெக் பக்கம் தள்ளினார். திரையில் சாகின்பாய் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்ல விருந்து போல. தொடை எலும்பா குடுத்தாங்க?"

"ஐயா, அவன் தானா வந்திருக்கான். மனு இருக்கு. சட்டப்படி..."

"சட்டம் எனக்கும் தெரியும். தானா வந்தான்னு எழுதினா மேல அது நம்ம வேலையாவே சேராது. 'போலீஸ் கண்டுபிடிச்சது'ன்னு எழுதினாத்தான் கணக்குல ஒண்ணு. சனிக்கிழமையே மேல சொல்லிட்டேன், ஆள் கெடச்சிட்டான்னு. இப்ப இல்லேங்கறதா?"

"நடந்து உள்ள வந்தானே ஐயா. வாசல்ல எல்லாரும் பாத்தாங்க."

"வாசல் நம்ம வாசல். யாரு என்ன பாத்தாங்கன்னு நான் சொல்லிக்கறேன்." கர்னலுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எர்மெக்குக்குப் பயமாக இருந்தது. "இந்தப் படத்துல கையத் தூக்கிட்டு இருக்கறது யாரு? ஒரு வாரமா உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒண்ணு, நீ அவனைக் கண்டுபிடிச்சே. இல்ல, நீ அவனை ஒளிச்சு வச்சே. ரெண்டுக்கும் ஃபாரம் இருக்கு. உனக்கு எது வேணும்?"

எர்மெக்குக்கு மூன்று பெண் குழந்தைகள். போலீஸ் வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. இதையெல்லாம் அவன் யோசித்ததாகக்கூடச் சொல்ல முடியாது. கை தானாகப் பேனாவை எடுத்தது. 'தீவிரக் கண்காணிப்பின் பேரில், சொந்த வீட்டில் பதுங்கியிருந்தபோது பிடிக்கப்பட்டார்' என்று கர்னல் சொல்லச் சொல்ல எழுதினான். பதுங்கியிருந்தவன் இருநூறு பேருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. மிர்லானின் மனுவைக் கர்னல் பிரித்துக்கூடப் பார்க்காமல் இழுப்பறையில் போட்டு மூடினார்.

எர்மெக் வெளியே வந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மிர்லான் குனிந்து ஷூ நாடாவை உருவிக்கொண்டிருந்தான். லாக்கப்பில் தள்ளுவதற்காகப் பெல்ட்டை ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள். எர்மெக்கைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாயெடுத்தான். எர்மெக் வேகமாக நடந்தான்.

நடைக்கூடத்துப் பெஞ்சில் சாகின்பாய் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் எழுந்தார்.

"எழுதிட்டியாப்பா? அவனாத்தான் வந்தான்னு?"

எர்மெக் சுவரைப் பார்த்தான்.

"எழுதிட்டேன், சித்தப்பா."

கிழவர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும்டா. உம்புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்றார். பிறகு கைப்பேசியை எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பெயரைத் தேடி, பேகிமாயைக் கூப்பிட்டார்.

"ஏய், அழாத" என்று சத்தமாகச் சொன்னார். "ஒண்ணும் ஆகாது. நம்ம எர்மெக்தான் எழுதியிருக்கான்."