ஏழாவது பெட்டி, பதினொன்று, கீழ்ப்படுக்கை

மாடம்பாக்கம் கோயில் குளத்துக்குத் தெற்கே மூன்றாவது தெருவில், டிடிஆர் அனந்தகிருஷ்ணன் வீட்டு மாடியறையிலிருந்து தினமும் பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு ஒரு ஜப்பானியப் படுக்கை ரயில் கிளம்புகிறது. ஒரு எஞ்சின், பன்னிரண்டு பெட்டி. பெட்டி ஒன்று ஒரு சாண்கூட நீளமில்லை. தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். யுகிமிச்சி என்று பெயர், பனிவழி என்று அர்த்தமாம். அந்த நீல ரயிலை ஜப்பானில் 2015 மார்ச் மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அங்கே நின்றதுதான் இங்கே ஓடுகிறது. அங்கே அது கிளம்பிய நேரமான மாலை ஆறு இருபது என்றால் நமக்கு இரண்டு ஐம்பது, மூன்றரை மணி நேர வித்தியாசம், நேர விஷயத்தில் வேறு மர்மம் எதுவும் இல்லை. அறையைச் சுற்றிச் சுற்றி ஓடி மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு வந்து நிற்கும். கரண்ட் இருந்தாலும் ஓடும், போனாலும் ஓடும். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்தார், இது ஒரு யூனிட்கூட இழுக்கவில்லை என்றார், டீ குடித்துவிட்டுப் போனார்.

அனந்தகிருஷ்ணனின் மகன் நிகில் ஜப்பானில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். 2014 ஜனவரியில், நண்பன் ஒருவனைப் பார்க்க வடக்கே போவதற்காக இந்த ரயிலில் ஏறினான். ஏறும் முன் பிளாட்பாரத்திலிருந்து அப்பாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினான்: நீலப் பெட்டியின் பக்கவாட்டு, கதவு, பக்கத்தில் ஏழு என்ற எண். கீழே, ‘ஏழாவது கோச், பதினொண்ணு, லோயர். உங்க ட்ரெயின் மாதிரி இல்லப்பா, பெட்ஷீட்டுக்குச் சண்டையே இல்ல’ என்று எழுதியிருந்தான். மறுநாள் காலை ரயில் போய்ச் சேர்ந்தது. நிகில் இறங்கவில்லை. படுக்கையில் கலைந்த போர்வையும் தண்ணீர் குடித்த காகிதக் குவளை ஒன்றும் இருந்தன. நடுவில் ரயில் நின்ற இடங்களிலெல்லாம் தேடினார்கள், தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பனி உருகும்வரை காத்திருந்தும் தேடினார்கள். அடுத்த வருஷம் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். அனந்தகிருஷ்ணன் அதைக் கேள்விப்பட்ட அன்று சொன்னது ஒன்றுதான்: ரயிலே இல்லை என்றால் குழந்தை எதிலிருந்து இறங்குவான்.

அவர் முப்பத்து நான்கு வருஷம் எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பணத்தில் நம் காலனிக்காரர்கள் காசிக்குப் போவார்கள், மாடி கட்டுவார்கள். இவர் மாடியில் பொம்மை ரயில் கட்ட ஆரம்பித்தார். முதலில் எஞ்சின் வந்தது. பிறகு நிகிலின் அலுவலக நண்பர்கள் யாராவது ஊருக்கு வரும்போது, பழைய மாடல் விற்கும் கடைகளில் தேடி ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். பொம்மைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பெட்டியை அந்த ஊர்க் கம்பெனிகள் நாலு விதமாகச் செய்திருக்கும்: நீலத்தின் மேல் ஓடும் கோடு வெள்ளையா, வெள்ளியா, கதவு மடங்குமா, நகருமா. ஏழாவது பெட்டிக்காக மட்டும் மூன்று தடவை தவறான மாடல் வந்தது. லென்ஸும் நிகிலின் போட்டோவுமாக உட்கார்ந்து பார்த்து, இது அந்தக் கோடு இல்லை, அந்தப் பெட்டி இல்லை என்று திருப்பி வைத்தார். மனைவி அபிதகுஜாம்பாள், ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்தவர், அந்த ஐந்து வருஷமும் மாடிப்படி ஏறவில்லை. பையனைத் தேடுகிறீர்களா, பெட்டியைத் தேடுகிறீர்களா என்று ஒரு தடவை கேட்டதோடு சரி.

சரியான ஏழாவது பெட்டி 2019 மே மாதம் வந்தது. அக்னி நட்சத்திரம். பெட்டியை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் மாட்டிவிட்டு, ஒயரைக்கூட இணைக்காமல், அவர் சாப்பிடக் கீழே வந்தார். இரண்டு நாற்பதுக்கு மாடியில் சின்ன மணிச்சத்தம் கேட்டது. ஒரு ஆண் குரல், மெல்லியதாக, ஜப்பானிய மொழியில் ஏதோ அறிவித்தது. இருவரும் மேலே போனபோது பன்னிரண்டு பெட்டியிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அறை மார்கழி விடியற்காலை போலக் குளிர்ந்திருந்தது, உள்ளே ஆட்கள் இருந்தார்கள். பத்து நிமிஷம் நின்று, இரண்டு ஐம்பதுக்கு ரயில் கிளம்பியது. அன்று முதல் ஒருநாள்கூட லேட் கிடையாது.

அந்தப் பத்து நிமிஷம்தான் பார்வை நேரம். லென்ஸ் வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், பூப்போட்ட பருத்தி அங்கி போட்டுக்கொண்டு படுக்கத் தயாராகிறவர்கள், குட்டி ஏணியில் ஏறுகிறவர்கள், தட்டையாக மடித்த காகிதக் குவளையைப் பிரித்துத் தண்ணீர் பிடிக்கிறவர்கள் தெரிவார்கள். தொட்டால் குளிரில் விரல் கொப்பளித்துவிடும். காலையில் நின்றபிறகு பெட்டியின் கூரையைக் கழற்றிப் பார்த்தால் வெறும் பிளாஸ்டிக்தான். காலனிப் பெண்கள் இதற்கெல்லாம் பயந்ததாகச் சொல்லமுடியாது. அந்த அறையில் வைத்தால் சித்திரையிலும் தோசைமாவு புளிப்பதில்லை என்று கண்டுபிடித்து, பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்படி மாவை எடுக்க வந்த செல்லியம்மாள்தான் லென்ஸை வாங்கி நாலாவது பெட்டியைப் பார்த்து, “அக்கா” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அக்கா காந்திமதி, 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலிருந்து காணாமல் போனவர். மேல்படுக்கையில், தலைமுடியைப் பின்னிக்கொண்டு, சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் சும்மா இருக்க அனந்தகிருஷ்ணனின் உத்தியோகம் விடவில்லை. சார்ட் எழுதி மாடியறைக் கதவில் ஒட்டினார்: பெட்டி, படுக்கை, பெயர், வயது. காலிப் படுக்கைக்கு நேராக ஒரு பெயரை எழுதினால் மறுநாள் அந்த ஆள் அங்கே இருந்தார். எல்லோரும் அல்ல. கோயம்புத்தூரில் வேறு குடித்தனம் வைத்திருந்த ஒருவரை மனைவி எழுதச் சொன்னார், படுக்கை காலியாகவே போனது. சுடுகாட்டில் வைத்து எரித்தவர்களும் வரவில்லை. இருக்கிறார் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாதவர்கள் மட்டுமே வந்தார்கள். தாம்பரத்திலிருந்து பல்லாவரம்வரை அப்படி எத்தனை பேர் என்று அதுவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருவர் கவுன்சிலரின் சிபாரிசுக் கடிதத்தோடு கீழ்ப்படுக்கை கேட்டு வந்தார். எல்லாம் வரிசைப்படிதான் என்றார் டிடிஆர். இரண்டு நாற்பதுக்கு லென்ஸோடு பெட்டி பெட்டியாகப் போய், ஆள் இருந்தால் டிக் போடுவார். இல்லையென்றால் மறுநாளும் பார்ப்பார், பிறகு ‘வரவில்லை’ என்று எழுதி அடுத்தவருக்குக் கொடுப்பார். சர்வீஸிலும் அதுதான் அவர் வழக்கம். தாம்பரத்தில் ஏறவேண்டியவருக்குச் செங்கல்பட்டு தாண்டியும் காத்திருக்க மாட்டார்.

ஒரே ஒரு பெயருக்கு மட்டும் டிக்கும் இல்லை, ‘வரவில்லை’யும் இல்லை. ஏழாவது பெட்டி, பதினொன்று, கீழ்ப்படுக்கை: நிகில், வயது 27. முதல் நாளிலிருந்தே அந்த ஜன்னலில் திரை மூடியிருந்தது, விளக்கு எரியவில்லை. ஊரார் ஆட்களையெல்லாம் லென்ஸில் காட்டிக்கொடுத்தவருக்குத் தன் பிள்ளையின் ஒரு விரலைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து அபிதகுஜாம்பாள் தினமும் மேலே வந்து அந்தத் திரைக்கு முன்னால் பத்து நிமிஷம் நிற்பார், தூங்கறான் என்று சொல்லிவிட்டு இறங்குவார். அவர் கணவருக்குத் தூக்கத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் திரை மூடியிருக்கும்வரை உள்ளே நிகில் இருக்கலாம். திறந்தால்தான் இல்லாமல் போக முடியும். அதனால் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை, ஆறு வருஷம் சார்ட்டில் 27 என்றே எழுதிக்கொண்டிருந்தார்.

பம்மலில் தோல் கையுறை தைக்கும் பட்டறையில் வேலை செய்யும் சபீஹா வந்தது இந்த வருஷம் ஆடி மாதம். அவர் கணவர் ஜமீர், மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, குக்கருக்கு கேஸ்கெட் வாங்கப் பல்லாவரம் சந்தைக்குப் போனார். அளவு தப்பிவிடக்கூடாது என்று பழைய கேஸ்கெட்டைக் கையில் வளையல் போல மாட்டிக்கொண்டு போனவர், திரும்பவில்லை. சபீஹா வந்த நேரம் ரயில் நிரம்பியிருந்தது. அடுத்த வெள்ளியும் வந்தார். அதற்கடுத்த வெள்ளி, இரண்டு நாற்பதுக்கு, லென்ஸை வாங்கித் தானே எல்லாப் பெட்டியையும் பார்த்தார்.

“சார், ஏழாவது பொட்டில ஒரு பெர்த்துல வெளக்கே எரியல, காலியா கீது.”

“அது காலி இல்லம்மா. ரிசர்வ்டு.”

“ஆளு ஏறிட்டாரா சார்?”

முப்பத்து நான்கு வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர். பதில் சொல்லவேண்டி வந்தது அன்றுதான்.  சபீஹா லென்ஸைத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

“தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க சார். செத்துட்டாருன்னு சொல்ல வாய் வரல. கீறாருன்னு சொன்னா அல்லாரும் என்னிய பாவமா பாக்கறாங்க. படுக்கக்கூட வேணாம், ஓரமா உக்காந்துகினு போனாகூடப் போதும். எங்கன கீறாருன்னு தெரிஞ்சா போதும் சார்.”

அவர் போனபிறகு ரயில் கிளம்பி, அறைக்குள் சுற்ற ஆரம்பித்தது. அனந்தகிருஷ்ணன் சார்ட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். விதிப்படி செய்யவேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். நிகிலுக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதி ஜமீருக்குக் கொடுக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் இரண்டாம் நாளே எழுதியிருப்பார். பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். கடைசியில் ஜப்பான் ரயில்வேயில் யாருக்கும் தோன்றாத, நம் ஊர் டிடிஆருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார். நிகில் பெயரை அப்படியே விட்டு, அதற்குக் கீழே, அதே படுக்கைக்கு, ஜமீர், வயது 41 என்று எழுதி, பக்கத்தில் ஆர்.ஏ.சி. என்று போட்டார். ஒரு படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போவது. அந்த நாட்டு ரயிலில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை, வந்திருந்தாலும் எழுதியிருப்பார்.

கீழே வந்து மனைவியிடம் சொன்னார். அபிதகுஜாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஏன்னா, அவன் எவ்வளவு உசரம். காலை எங்க நீட்டுவான்?”

“உட்கார்ந்துண்டு வரட்டும். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இருக்கும்.”

“திரை திறந்துடுமே” என்றார் அவர். ஆக அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் தூங்கறான் தூங்கறான் என்று சொன்னது யாருக்காக என்று அப்போதுதான் அனந்தகிருஷ்ணனுக்குப் புரிந்தது. கீரை அன்று பாதி ஆய்ந்தபடியே கிடந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சபீஹாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. பட்டறையில் அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தார். இரண்டு நாற்பதுக்கு மணி அடித்தது, விளக்குகள் எரிந்தன, அந்த மெல்லிய குரல் தன் அறிவிப்பைச் சொன்னது. ஏழாவது பெட்டியின் பதினொன்றாம் ஜன்னலில் விளக்கு எரிந்தது. திரை திறந்திருந்தது. லென்ஸை யார் எடுப்பது என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டிடிஆர் கை நீட்டவில்லை. அதனால் சபீஹா எடுத்தார்.

“கீறாரு” என்றார். பிறகு, “கையில ரெண்டு கீது சார். பழசு ஒண்ணு, புச்சு ஒண்ணு. வாங்கிட்டாரு” என்றார். அழுகையும் சிரிப்புமாக அதையே இரண்டு தடவை சொன்னார். வெகுநேரம் பார்த்தவர், லென்ஸை அபிதகுஜாம்பாளிடம் கொடுத்தார். “அம்மா, எதுத்தாப்ல ஒருத்தர் குந்திகினு கீறாரு. இவருக்குத் தண்ணி குடுக்கறாரு. நீங்க பாருங்க.”

அபிதகுஜாம்பாள் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவன், இடம் போதாமல் முழங்காலை மடக்கி, தட்டைக் காகிதக் குவளையை ஊதிப் பிரித்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. கண்ணாடி போட ஆரம்பித்திருந்தான். பதினோரு வருஷமும் அவன் எங்கோ ஒரு இடத்தில் ஒவ்வொரு நாளாகத்தான் கழித்திருக்கிறான் என்று அந்த முகத்தில் தெரிந்தது. “இளைச்சுட்டான்” என்றார். லென்ஸைக் கணவரிடம் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்.

அனந்தகிருஷ்ணன் பார்த்தது ஒரு நிமிஷம் இருக்கும். இரண்டு ஐம்பதுக்கு ரயில் கிளம்பிவிட்டது. பையனுக்காக ஒரு வினாடிகூட நிற்கவில்லை, அதை அவர் குறை சொல்லவும் இல்லை. உள்ளே இருவரும் முழங்கால் இடிக்கப் பேசிக்கொண்டு போனார்கள். எந்த மொழியில் என்று தெரியாது. ஜமீருக்குத் தமிழும் உருதும்தான் தெரியும், எனவே தமிழாகத்தான் இருக்கவேண்டும்.

சபீஹா இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். குக்கருக்கு மூன்று வருஷம் போடாமலிருந்த கேஸ்கெட்டைச் சந்தையில் தானே வாங்கிப் போட்டுவிட்டார். எப்போது இறங்குவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தெருவில் மாவுப் பாத்திரங்கள் வழக்கம்போல மேலே போகின்றன, கீழே வருகின்றன.

அந்தச் சனிக்கிழமை ரயில் கிளம்பியபின் டிடிஆர் கதவருகே போய், பேனாவைத் திறந்து, நிகிலுக்கு நேரே இருந்த 27 என்ற எண்ணை அடித்து 38 என்று திருத்தினார். பிறகு பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.