புல் மிதித்த புதன்கிழமை

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது ஆசிம் குழந்தையின் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நூற்றொன்று புள்ளி நான்கு. தட்டுவது யாரென்று எழுந்து பார்க்க வேண்டியதில்லை. இன்று சஃபர் மாதத்துக் கடைசிப் புதன், ஒடுக்கத்துப் புதன். எவ்வளவு மழை கொட்டினாலும் ஷாஹினா தீவின் உட்பகுதியில் இருக்கும் பெரார்கஞ்சிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவாள்.

ஷாஹினா அவன் மனைவி இர்பானாவின் அக்கா. இர்பானா கூப்பிட்டது போலவே அவனும் அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவான். இர்பானா இறந்து பதினொரு மாதம் ஆகிறது.

"கதவத் தொறக்க இவ்வளவு நேரமா? ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு ஒளிஞ்சிக்கிட்டு இருக்கீகளா?" குடையை மடக்காமலேயே உள்ளே வந்தாள். புர்காவின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் கோடு போட்டது. "ஞாயித்துக்கெழம பிள்ளையப் புடுங்கிக்கிட்டு வந்தது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா தம்பி? புதன்கெழம அவ எங்கிட்ட இருக்கக் கூடாது. அதானே?"

அதேதான். இரண்டு வாரம் பெரார்கஞ்சில் பெரியம்மா வீட்டில் இருந்த சபீஹாவை அவன் அதற்காகத்தான் அழைத்து வந்திருந்தான். ஆனாலும், "ஸ்கூல் இருக்கு" என்றான்.

"இன்னைக்கு?"

"காய்ச்சல். நேத்து ராத்திரிலேர்ந்து."

ஷாஹினாவின் முகம் மாறியது. கட்டிலருகே போய்க் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். நான்கு வயது சபீஹா கண்ணைத் திறந்து, "பெரிம்மா" என்றாள். ஷாஹினாவின் பையிலிருந்து எட்டிப் பார்த்த டிபன் டப்பாவைப் பார்த்து, "மாங்கா எல" என்றாள்.

டப்பாவில் ஏழு மாவிலைகள். ஒவ்வொன்றிலும் குங்குமப்பூ கரைத்த மஞ்சள் நீரால் ஸலாம் என்று தொடங்கும் ஒரு குர்ஆன் ஆயத்து. ஒரு வருஷத்துக்கான ஆபத்தெல்லாம் இந்த ஒரு நாளில்தான் வானத்திலிருந்து இறங்குகிறது என்பார்கள். இலைகளைக் கழுவிய தண்ணீரைக் குடித்துவிட்டு வெறுங்காலோடு புல்லை மிதித்துவிட்டால் ஆபத்து விலகிப் போகும். ஷாஹினாவின் குடும்பத்தில் அப்படித்தான். முன்பெல்லாம் பள்ளிவாசலிலேயே இலை எழுதிக் கொடுத்தார்கள். புதிதாக வந்த ஹஜ்ரத் இதற்கு ஆதாரமில்லை என்று நிறுத்திவிட்டார். ஆதாரம் உண்டா என்று அவரிடம் தேடிப் போய்க் கேட்டவர்களில் ஆசிமும் ஒருவன்.

"ஜல்தி, சீக்கிரம். ஒரு கிளாஸ் எடுங்க."

ஆசிம் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டான். "வேணாம் ராத்தா. நாலு மணிக்கு டாக்டர் வந்துருவாங்க. காட்டிக்கலாம்."

"நாலு மணிக்குக் காட்டுங்க. இது இப்ப."

"எங்கேருந்து வந்துச்சு இது? அதச் சொல்லுங்க. நபியவங்களுக்கு நோய் குணமான நாள்னு ஒருத்தர் சொல்றாரு. நோய் ஆரம்பிச்ச நாளே இதுதான்னு இன்னொருத்தர். எது சரி?"

"எனக்கு எங்க அத்தாவத் தெரியும். அவுகளுக்கு அவுக அத்தாவத் தெரியும். கப்பல்ல காய்ச்சல் வந்து பாதிப் பேரக் கடல்ல போட்டுட்டுத்தான் இங்க வந்து எறங்குனாக. எறங்குனதும் புல்ல மிதிச்சாக. மிதிச்சவுக பொழச்சாக. எனக்கு அது போதும்."

"அன்னைக்குப் புதன்கிழமையா?"

"ஆபீஸ்ல கேக்குற மாதிரிக் கேக்காதீக. அப்ப கப்பலுக்கு டைம் டேபிளா இருந்துச்சு?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். இப்போது வழி விடாமல் நின்றான். அவளும் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"போன வருசமும் இதே எடத்துல நின்னுதான் வேணாம்னீகளாம்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

உண்மை. போன வருஷம் இதே நாளில் அவள் கொடுத்தனுப்பிய இலைத் தண்ணீரை இர்பானாவின் கையிலிருந்து வாங்கி வராந்தாவிலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினான். இர்பானா காலிப் பாத்திரத்தை வாங்கிக் கழுவி வைத்தாள். பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. அதிலிருந்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில், பெண்கள் இருந்த அறையிலிருந்து ஷாஹினாவின் குரல் கேட்டது: "அந்தத் தண்ணி உள்ள போயிருந்தா என் தங்கச்சி இருந்திருப்பா." அந்த அறையும் அடங்கிப்போனது, ஆண்கள் இருந்த அறையும் அடங்கிப்போனது. அன்றிலிருந்து இன்றுவரை அவனுக்குப் பெரிதாக எதுவும் தோன்றுவதில்லை. குரோட்டன்ஸ் நன்றாகத் தழைத்திருந்தது.

ஷாஹினா அவனைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவன் தடுக்கவில்லை. பெண்பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? கட்டிலருகே வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். குடிக்க வைக்க வேண்டுமென்றால் அவனிடமிருந்து பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

உள்ளேயிருந்து இலைகளைத் தேய்த்துக் கழுவும் சத்தமும் பேச்சும் சேர்ந்து வந்தன. பதற்றம் வந்தால் ஷாஹினா நிறுத்தாமல் பேசுவாள்.

"நீங்க இவளக் கொண்டு போயிருவீகன்னு தெரிஞ்சுதான் போன புதனே புல்ல மிதிக்க வச்சுட்டேன். எந்தப் புதனா இருந்தா என்ன, அல்லாவுக்குத் தெரியாதா? உங்க மக இருக்காளே, செருப்பக் கழட்ட மாட்டேன்னு ஒரே அடம். அப்படியே அவ உம்மா. போன வருசம் வரப்புல நின்னுக்கிட்டு, சகதி ராத்தா, சகதி ராத்தான்னு..."

பேச்சு நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆசிம் குழந்தையோடு வாசலுக்கு வந்தான். "போன வருஷமா?"

"சின்னப் பிள்ளைல. சின்னப் பிள்ளைல சொல்லுவா."

"போன வருஷம்னு சொன்னீங்க."

அவள் குழாயை மூடவில்லை. கையில் ஈர இலையோடு அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க டூட்டிக்குப் போனதும் பஸ் ஏறி வந்தா. பிள்ளையப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுசீலாகிட்ட விட்டுட்டு. நம்ம வீட்டுல ரெண்டு கிளாஸ் குடிச்சா. பின்னால போயி வயக்காட்டுப் புல்லுல கொஞ்ச நேரம் நடந்தோம். நீங்க வர்றதுக்குள்ள வந்துட்டா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனா."

"குடிச்சாளா?"

"குடிச்சா."

"அப்புறம் ஏன் அத்தனை பேர் முன்னாடி..."

"வேற என்னத்தச் சொல்லச் சொல்றீக?" சட்டென்று திரும்பினாள். "குடிச்சும் செத்துட்டான்னு சொல்லவா? அதச் சொன்னா எனக்கு என்ன மிச்சம்?"

கோபம் வரும் என்று ஆசிம் காத்திருந்தான். வந்தது வேறு. ஒரு மருத்துவரின் அறை. இர்பானாவுக்குக் காய்ச்சலின் இரண்டாம் நாள். மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் கேட்கிறார்: "காஸ், ஜாடி மே கயா தா க்யா?" புல், புதர்ப் பக்கம் போனீர்களா? இர்பானா அவனைப் பார்க்கிறாள். ஒரு நொடிதான். பிறகு, "நஹி டாக்டர், கர் மே ஹி." இல்லை, வீட்டில்தான் இருந்தேன். அவனும் பக்கத்தில் நின்று, ஆமாம் என்று தலையாட்டுகிறான். டாக்டர் வேறு காய்ச்சலுக்கு மருந்து எழுதுகிறார்.

உண்மையான பெயர் ரத்த ரிப்போர்ட்டில் வந்தது. அதைப் படித்தபோது அவளை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டைவிட்டு நகராதவளுக்கு அது எப்படி வந்தது என்று புரியாமல், ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்தான். கேட்டவர்களிடம் விஷக்காய்ச்சல் என்றான். ஷாஹினாவிடமும் அதையேதான் சொன்னான்.

"ராத்தா." தன் குரல் தனக்கே தூரத்திலிருந்து வருவது போலிருந்தது. "அவளுக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ். புல்லுல இருக்கிற பூச்சி கடிச்சு வர்றது. கண்ணுக்கே தெரியாத பூச்சி. கடிச்சு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல் வரும். முதல்லயே தெரிஞ்சா மருந்து இருக்கு."

ஷாஹினாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. விரல்களை மடக்கிப் புதனிலிருந்து புதன்வரை எண்ணினாள்.

ஆசிம் அதற்குள் குழந்தையைக் கட்டிலில் கிடத்தி உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழுத்து, காதின் பின்புறம், கக்கம், வயிறு. ஒன்றுமில்லை. சபீஹா கூச்சத்தில் நெளிந்தாள். குப்புறத் திருப்பினான். இடது முழங்காலின் பின்மடிப்பில், பீடி நெருப்பு பட்டதுபோல, கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு.

ஷாஹினா அதைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். "கொசுக்கடின்னு தேங்கா எண்ண போட்டேனே" என்றாள். "அடக்கத்துக்கு முன்னால தங்கச்சியக் குளிப்பாட்டுனப்ப இடுப்புல இதே மாதிரி பார்த்தேன் தம்பி. அயர்ன்பாக்ஸ் சுட்டதுன்னு நெனச்சேன்."

"எந்திரிங்க. நாலு மணி வரைக்கும் இருக்க வேணாம். வேற கிளினிக் போவோம்."

ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "பச்சி கோ புகார் ஹை க்யா, பையா?" என்று கேட்டான். குழந்தைக்குக் காய்ச்சலா என்ற அந்தக் கேள்விக்கு ஆசிம் தலையாட்டினான். தார்ப்பாய்த் திரையை மீறி மழை அடித்தது. குழந்தை ஷாஹினாவின் மடியில் கிடந்தது. அவளுடைய ஒரு கையில் சபீஹாவின் ஸ்கூல் தண்ணீர் பாட்டில் இருந்தது. உள்ளே இருந்த தண்ணீர் லேசான மஞ்சள் நிறம். எப்போது அதை நிரப்பினாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

கிளினிக்கில் இருந்தது ஒரு வங்காளி டாக்டரம்மா. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது, அதே ஹிந்தியில். புல், புதர்ப் பக்கம் போனாளா?

இதற்கான பதிலைத்தான் போன வருஷம் இர்பானாவால் ஆசிமுக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. ஷாஹினா அவனைப் பார்த்தாள். இர்பானா பார்த்த அதே பார்வை. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், சொல்லுங்க என்பதுபோல் தலையசைத்தான்.

"கயா தா," என்றாள் ஷாஹினா. "மைனே லே கே கயா. ஜூத்தா உத்தார் கே." போனாள், நான்தான் கூட்டிப் போனேன், செருப்பைக் கழற்ற வைத்து. முழங்கால் மடிப்பைத் திருப்பி அவளே காட்டினாள்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது பேனா கையில் இருந்தது. ரத்தம் எடுக்கலாம், ஆனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், மருந்தை இப்போதே ஆரம்பித்துவிடலாம் என்றார். முதல் நாளே வந்துவிட்டீர்கள், நல்லது என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆசிம் கிளினிக்கில் கொடுத்த சிரப்பை மூடியில் அளந்து ஊற்றினான். சபீஹா ஒரே வாயில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். "தண்ணி."

பக்கத்தில் கடையில்லை. கிளினிக்கின் தண்ணீர்க் கேனும் காலியாக இருந்தது. ஷாஹினா கையிலிருந்த பாட்டிலைப் புர்காவின் மடிப்புக்குள் மறைத்தாள்.

"தண்ணி அத்தா."

"குடுங்க ராத்தா" என்றான் ஆசிம்.

"வேணாம் தம்பி. இனி நான்..."

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. நாளைக்குக் கேட்டாலும் இல்லன்னுதான் சொல்வேன். ஆனா என் முன்னாடியே குடுங்க. எதுவா இருந்தாலும் என் முன்னாடி."

ஷாஹினா மூடியைத் திறந்தாள். சபீஹா இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து மடக் மடக்கென்று குடித்தாள். "மாங்கா வாசம் அடிக்குது" என்றாள்.

ஆசிம் போனை எடுத்து, அடுத்த வேளை மருந்துக்கு அலாரம் வைத்தான்.