இறக்கி மாட்டிய ஹேண்டில்பார்

அந்த மெக்கானிக்குக்கு ‘ஒருநூல்’ என்று பெயர் வந்ததற்கு அவன் வாய்தான் காரணம். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எந்த வண்டி வந்தாலும், ஒரு நூல் தள்ளினால் சரியாகிவிடும் என்பான். பெரும்பாலும் சரியாகவும் ஆகிவிடும். அந்தத் திமிர் அவனுக்கு உண்டு.

அன்று மதியம் வந்த மோட்டார் சைக்கிளுக்கு வயது அறுபதுக்கு மேல். தள்ளிக்கொண்டு வந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து இருக்கும், ஆள் குள்ளம். வண்டி அவள் கணவனுடையது. அவன் செத்துப் பத்து மாதம் ஆகிறது. நெட்டையான அவன் வசதிக்கு மாட்டிய ஹேண்டில்பாரைப் பிடித்தால் இவள் கை தோளுக்கு மேலே போய்விடும். கூடவே கொழுந்தனும் வந்திருந்தான். இன்று அண்ணி தெருவை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் வண்டி அவளுக்கு, இல்லாவிட்டால் தனக்கு என்று பேச்சாம். சாவியை வாங்க அவன் கை இப்போதே பரபரத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கோ வண்டி வேண்டும். இருபது வருஷம் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கணவன் ஒருநாள்கூட ஹேண்டிலைத் தொட விட்டதில்லையாம். அவன் ஊரில் இல்லாத நாட்களில், தன் அக்கா மகளின் வண்டியை வாங்கி மைதானத்தில் ஓட்டப் பழகியிருக்கிறாள். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். செத்தவன் காதில் விழுந்துவிடுமோ என்று இப்போதும் பயம்.

ஒருநூல் டாங்கின் மேல் பழைய போர்வையைப் போட்டுவிட்டு, உயரமான ஹேண்டில்பாரைக் கழற்றி, பின்னால் வளைந்த தாழ்வான ஒன்றை மாட்டினான். கிளட்ச் கேபிள் நீளம் மிஞ்சித் தொங்கியது, குட்டையாக வேறு போட்டான். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டாங்கில் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டான். கடைசியில் அவனுக்கென்று ஒரு முறை உண்டு. ஓட்டப்போகிறவர் கண்ணை மூடி உட்கார்ந்து கையைச் சும்மா நீட்ட வேண்டும். கை எங்கே போய் விழுகிறதோ அங்கே கைப்பிடி வரும்படி திருப்பி முறுக்குவான்.

ஸ்டாண்டை எடுத்துவிட்டு வண்டியைத் தாங்கிக்கொண்டான். அவள் ஏறி, கண்ணை மூடி, கையை நீட்டினாள்.

கை கைப்பிடிக்குப் போகவில்லை. டாங்குக்கு மேலே வெறும் காற்றில், எதையோ கட்டிப் பிடித்த மாதிரி வளைந்து நின்றது. விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவே ஓர் ஆளின் இடுப்பு அளவுக்கு இடம் இருந்தது. பழக்கதோஷம் என்று சிரித்துக்கொண்டு, இன்னும் இறக்கச் சொன்னான் ஒருநூல்.

“இறக்கத்தான் பாக்கறேன் தம்பி. போக மாட்டேங்குது.”

மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். அசையவில்லை. அவன் புறங்கையில் வேர்வையில் ஊறிய சட்டைத்துணி உரசியது. அங்கே எந்தச் சட்டையும் இல்லை. அப்போதுதான் பின் சக்கரத்தின் ஷாக் அப்சார்பரைப் பார்த்தான். அவள் மிஞ்சிப்போனால் நாற்பத்தைந்து கிலோ இருப்பாள். வண்டி இரண்டு ஆளுக்கு அமுங்கியிருந்தது.

கொழுந்தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். “என்ன அண்ணி, முடியலையா? சாவியக் குடுத்துடுங்க.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. பயம்தான், ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி அதிகம். முன்னால் இருந்த காற்றிடம் மெதுவாகச் சொன்னாள்.

“பின்னாடி போய் உக்காருங்க. நான் ஓட்டறேன்.”

சீட் ஸ்பிரிங் ஒருமுறை முனகியது. அவள் கைகள் தடையில்லாமல் இறங்கிக் கைப்பிடியில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. பின் ஷாக் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. தெருவைச் சுற்றிவிட்டு ஆடாமல் அசையாமல் வந்து நின்றாள். கொழுந்தன், அண்ணிக்கு நல்லாவே வருது என்று முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டினான்.

அவள் இறங்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. வழி முழுக்கக் காதுக்குள், மெதுவாகப் போ, பிரேக்கைப் பிடி, உனக்கெதுக்கு இந்த வேலை என்று ஒரே அறிவுரையாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் புதுக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, அந்தப் பின் சீட்டக் கழட்டிடுங்க.”

“அப்ப அவரு?”

“நடந்து வரட்டும்.”

நாலு நட்டு. கடைசி நட்டு கையில் வந்ததும் பின் ஷாக் மேலே எழுந்தது, சீட் தானாக நழுவித் தரையில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியும் கொஞ்ச நேரம் கேட்டது.

இரண்டு கிலோகூட இராத அந்தச் சீட்டை ஓரமாக வைக்கலாம் என்று ஒருநூல் குனிந்தான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் அது தரையைவிட்டு எழும்பவில்லை.