எட்டாவது வாரம்

குகனேஸ்வரன் அந்தப் படத்தை எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது, அவன் மனைவி யோகேஸ்வரி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தேயிலைச் சரிவில் அவள் ஓடி ஏறும் படம். கீழே எழுதியிருந்தான்: 'பிள்ளை பொறந்து எட்டே வாரம். என் பொண்டாட்டி ரெடி.' படத்தில் அவளுடைய சாம்பல் நிறக் கால்சட்டை தொடைகளுக்கு நடுவே நனைந்து கறுத்திருந்தது.

எஸ்டேட்டுகளுக்கு இடையில் நடக்கும் மலையோட்டத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து முதலாவதாக வந்தவள் அவள். பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பவன் அவன். இந்த வருஷமும் அவளைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டான். அன்று காலை முதல் மேட்டிலேயே சிறுநீர் கசிந்தது. இரண்டாவது மேட்டில் அடிவயிற்றில் ஏதோ கனத்துக் கீழே சரிந்து, வெளியே வந்துவிடும்போல் இருந்தது. நின்றாள். "நிக்காத லா, இன்னும் கொஞ்சந்தான்" என்று அவன் கத்தினான். மறுபடியும் ஓடினாள். அப்படி ஓடியதை நினைத்தால்தான் அவளுக்கு மனசு அதிகமாக எரிந்தது.

"படத்த எடுங்க."

"ஏன்? நாப்பது பேரு லைக் போட்டிருக்காங்க."

"என் கால்சட்டையப் பாருங்க."

பார்த்தான். "வேர்வைன்னு நெனச்சேன்."

"மூத்திரம். மேட்டுல நின்னேனே, என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

படத்தை அழித்தான். "கொஞ்ச நாள்ல சரியாயிடும். எல்லாப் பொம்பளைங்களுக்கும் உள்ளதுதானே" என்றான்.

சமையலறையிலிருந்து அவன் அம்மா அம்மாக்கண்ணுவின் குரல் வந்தது. "நான் முப்பதாம் நாளே கொழுந்துக் கூடையத் தூக்கினேன். ஒடம்பு வலிக்குதுன்னு படுத்தேனா?"

யோகேஸ்வரி மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

கிளினிக் நர்ஸான மிஸி உமாதேவி பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். "கர்ப்பப்பை கொஞ்சம் எறங்கியிருக்கு. கீழ தாங்குற தசை இன்னும் தேறல. இப்ப ஓடுனா இன்னும் எறங்கும்."

"பிள்ளைய ஒவ்வொரு தடவையும் எடை போட்டீங்க மிஸி. ஊசி எப்பன்னு சொன்னீங்க. என்னைய யாரு பாத்தா?"

"நான் கேட்டிருக்கணும்" என்றாள் உமாதேவி. பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். மூத்திரத்தையும் காற்றையும் அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடித்து, முடிந்தவரை எண்ணி, முழுசாக விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. பத்துப் பத்தாக, நாளைக்கு மூன்று வேளை. சமதரையில் நடக்கலாம், மேடு வேண்டாம். பிள்ளையைத் தவிர கனமாக எதையும் தூக்கக் கூடாது. "ஃபிசியோவுக்கு எழுதித் தரேன். அவங்க பாத்துச் சொன்னப்புறந்தான் ஓட்டம்."

வீட்டுக்கு வந்ததும், "என் பேர எடுத்துடுங்க" என்றாள்.

"மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"கர்ப்பப்பை எறங்கியிருக்குன்னு சொல்லுங்க."

"சீ, அதெல்லாம் வெளிய பேசுற விசயமா?"

"நனைஞ்ச துணிய ஊருக்கே காட்டுனீங்க. இதச் சொல்ல மட்டும் வெக்கமா?"

அம்மாக்கண்ணு அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "எனக்கும் அப்படித்தான்டா" என்றாள் மகனிடம். "நீ பொறந்ததுல இருந்து. துணிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத்தான் மலைக்குப் போனேன். இன்னைக்கும் கட்டியிருக்கேன்."

யோகேஸ்வரிக்கு இரக்கம் வரவில்லை. "அப்புறம் ஏன் அத்தை நேத்து அப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு அப்படித்தான் சொன்னாங்க. வலிக்குதுன்னேன், கங்காணி பொண்டாட்டி சிரிச்சா." பிள்ளையை மருமகளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அதையே ஒனக்குச் சொல்லிட்டேன்."

யோகேஸ்வரி கணவனின் போனை எடுத்துத் தானே மேனேஜரை அழைத்தாள். காரணத்தை ஒளிக்காமல் சொன்னாள். அவர் தடுமாறிப்போய், சரி சரி என்றார். அன்று சாயங்காலமே அணியிலிருந்த திலகம் தேடி வந்து, தனக்கும் இரண்டு வருஷமாகக் கசிவதாகச் சொன்னாள். யோகேஸ்வரி அவளை மிஸியிடம் அனுப்பினாள்.

ஓட்டம் அவள் இல்லாமலே நடந்தது. எஸ்டேட் மூன்றாவதாக வந்தது. மிஸி சொன்ன பயிற்சியை அவள் ஒரு நாளும் விடவில்லை. கசிவு நின்றது, கனமும் குறைந்தது. பிள்ளைக்கு ஐந்தாம் மாதம், ஃபிசியோ சம்மதித்த பிறகு, ஒரு நிமிஷம் மெல்ல ஓடி இரண்டு நிமிஷம் நடக்கத் தொடங்கினாள். குகனேஸ்வரன் மன்னிப்புக் கேட்டிருந்தான். அவளால் இன்னும் மனதாரச் சரி என்று சொல்ல முடியவில்லை.

மிஸி எழுதிக் கொடுத்திருந்தபடி அந்த மாதம்தான் மாமியாருக்கும் பெரிய டாக்டரிடம் முறை வந்தது. டாக்டர் கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ஒரு வளையம் பொருத்தினார். பத்து நிமிஷ வேலை. திரும்பி வரும்போது அம்மாக்கண்ணு காரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கார் பிரிஞ்சாங் ஊரைத் தாண்டியது.

"பத்து நிமிசம்" என்றாள் பிறகு. "முப்பது வருசம் யோகேஸு. ஒருத்தியாவது சொல்லியிருக்கலாமில்ல?"