அரை பவுண்டு இறால்

சிஸ்டர் லூவினியா அலுமினியத் தட்டின் மூடியைத் தூக்கியதும் பொரித்த இறாலின் வாசம் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம் முழுக்கப் பரவியது. வரிசையில் முதல் ஆளாக நிறுத்தப்பட்டிருந்த ஆர்டெல்லா, கையில் காகிதத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அவள் கணவன் ஹோசியாவைப் புதைத்துவிட்டு இப்போதுதான் வந்திருந்தார்கள். காலணியில் ஒட்டிய கல்லறை மண் இன்னும் காயவில்லை.

"இதை யார் கொண்டாந்தது?"

"நான்தான் தங்கச்சி." பின்னாலிருந்து க்ளியோஃபஸ் சொன்னார். இரும்பாலை மூடப்படும் வரை ஹோசியாவோடு ஒரே உலையடியில் வெந்தவர். "ஆத்துப் பாலத்துக் கடையிலேர்ந்து வாங்கியாந்தேன். வெறும் கோழிய வெச்சு அனுப்பினா அவன் மேல இருந்து திட்டுவான்ல?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. "நம்ம சவுத் சைடு ஏரியாவுல பாதி இறால் அவன் வயித்துக்குள்ளதான்யா போச்சு," என்றது ஒரு குரல்.

ஆர்டெல்லா தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆலை இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் அவர்களுக்கு அந்தக் கடைதான். தடித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அரை பவுண்டு இறால் பையில் வரும். அடியில் வெள்ளை ரொட்டி, மேலே உருளைக்கிழங்கு, எல்லாம் ஊறும்படி சிவப்புச் சாஸ். காரை ஆற்றோரம் நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஆவி படியத் தின்பார்கள். கடைசி இறாலுக்கு இருவரும் சண்டை போடுவார்கள். சாஸ் ஊறிய ரொட்டியை எப்போதும் அவன் அவளுக்கு விட்டுவிடுவான்.

சிறுநீரகம் போனபின் எல்லாம் நின்றது. உப்பு கூடாது, பொரித்தது கூடாது என்றார் டாக்டர். "சரி, தொடமாட்டேன்," என்று ஹோசியா வாக்குக் கொடுத்தான். அவள் நம்பவில்லை. க்ளியோஃபஸோடு வெளியே போய் வந்தாலே சட்டைக் காலரை மோந்து பார்ப்பாள். முத்தம் கொடுக்கிற சாக்கில் வாயையும் மோந்து பார்ப்பாள். "என்ன, செக்போஸ்ட் தொறந்தாச்சா?" என்று அவனே வாயை 'ஆ'வென்று காட்டுவான்.

போன வெள்ளிக்கிழமை அவன் சட்டை முழுக்க அந்த வாசம். விரல்களில் எண்ணெய்.

"தின்னுட்டு வந்திருக்க."

"இல்லம்மா. பையைத்தான் புடிச்சிருந்தேன்."

"யார்கிட்ட கதை விடுற? வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு நான் எதுக்கு விடியக் காலம்பற எந்திரிச்சு டயாலிசிஸுக்குக் காரோட்டணும்? நாளைக்கு வேன்ல போயிக்கோ."

காலையில் அவன் படுக்கையறை வாசலில் வந்து நின்றான். "ஆர்டெல்லா, முழிச்சிருக்கியா?" அவள் சுவரைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாள். வெளியே டயாலிசிஸ் வேன் ஹாரன் அடித்தது. ரத்தம் பாதி சுத்தமாகிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் இதயம் நின்றுவிட்டது என்று போன் வந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள். மகள் ரோஷெலிடம், பாஸ்டரிடம், பக்கத்து வீட்டில்: "முந்தின நாள் இறால் தின்னான். அவன் வாயே அவனைக் கொன்னுடுச்சு." வேனைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தக் கோபம்தான் ஒரு வாரமாக அவளை நிமிர்ந்து உட்கார வைத்திருந்தது.

க்ளியோஃபஸ் தட்டு நிறைய இறாலோடு எதிரில் வந்து அமர்ந்தார். ரோஷெலால் பொறுக்க முடியவில்லை.

"க்ளியோ அங்கிள், அன்னிக்கு அப்பாவுக்கு வாங்கிக் குடுத்தது நீங்கதானே?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "வாங்கினவன் நான். தின்னவனும் நான்."

"அம்மா சொன்னாங்க—"

"ஒங்கப்பன் எப்பிடின்னு கேளு. பையை மடியில வெச்சுப்பான். வாயைப் பிரிச்சு, ஜலதோஷத்துக்கு ஆவி புடிக்கிற மாதிரி மூஞ்சியைக் குடுத்துக்கிட்டு இருப்பான். 'ம், இன்னிக்கு எண்ணெய் புதுசு'ம்பான். அப்புறம் எங்கிட்டத் தள்ளிடுவான். வாராவாரம் இதேதான். எனக்குத்தான் பேன்ட்டு பத்தாமப் போச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார்.

"ஒண்ணுகூடவா?" என்றாள் ஆர்டெல்லா.

"ஒண்ணுகூட இல்ல தங்கச்சி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ சாஸ் வாங்கப் போயிருப்ப. அந்தப் பக்கம் திரும்பியிருப்ப."

"நானே ஒண்ணை எடுத்து நீட்டுனேன். 'தின்னுடா, ஒண்ணுல என்ன ஆயிடப் போவுது'ன்னேன். வேணாம்னுட்டான். 'வீட்ல பரிட்சை இருக்கு, பாஸாகணும்'னான்."

"ரொட்டியாவது?"

அவர் இல்லையென்று தலையசைத்தார். தான் நல்ல சேதிதான் சொல்கிறோம் என்று நினைத்திருந்த அந்த முகத்தில் குழப்பம் படர்ந்தது. ஆர்டெல்லா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றே ஒன்று. பாதி கடித்து எறிந்தது என்றாலும் போதும். அவன் தின்றிருக்கக் கூடாதா?

அந்தப் பக்கம் இறால் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. "ஹோசியாவுக்காக," என்று சொல்லிச் சொல்லி எடுத்துப்போனார்கள். யாரோ ரொட்டியால் தட்டின் மூலையைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது சிஸ்டர் லூவினியா ஒரு காகிதப் பையை அவள் கையில் திணித்தாள். "சிஸ்டர் ஆர்டெல்லா, நீ ஒரு வாய்கூட வைக்கலயே. உனக்குன்னு கொஞ்சம் இறாலைச் சூடு பண்ணி எடுத்து வெச்சேன்."

ரோஷெல்தான் காரை ஓட்டினாள். பாலத்துக்கு முந்தைய சிக்னலில் நின்றபோது, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்குக் காலையில டயாலிசிஸுக்குப் போறப்ப அப்பா கார்ல எதாவது சொன்னாராம்மா?"

ஆர்டெல்லா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா?"

"பச்சை விழுந்துடுச்சு பாரு. போ."

கார் பாலத்தில் ஏறியது. மடியில் இருந்த பையின் அடிப்பாகம் ஊறி, எண்ணெய் பாவாடையில் இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணி என்பதால் கறை தெரியவில்லை. தொடையில் சூடு மட்டும் மெல்ல மெல்லப் பரவியது. அவள் பையை நகர்த்தவில்லை.